குதிரைத் தொடரையும் அதன் நாவல்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

2022இல் பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் வந்தபோது பெங்களூரில் தமிழ் வாசிக்கிற வீடுகளில் கொஞ்ச நாளைக்கு வேறு பேச்சே இல்லை. நாவலில் இருந்த அது எங்கே போச்சு, இதை ஏன் மாற்றினார்கள், வந்தியத்தேவன் இப்படியா பேசுவான் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்த ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பேச்சு பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடும். விட்டது எது, சேர்த்தது எது என்பது தெரிந்துவிடுகிறது, அப்படிச் செய்ததால் கதைக்கு என்ன ஆனது என்பதற்குள் யாரும் போவதில்லை. அதற்குள் போவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஹார்ட்லாண்ட் என்ற கனடா நாட்டுத் தொடரையும் அதற்கு அடிப்படையான நாவல் வரிசையையும். இங்கே ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் பல தமிழ்ப் பிள்ளைகள், குறிப்பாகக் குதிரைப் பித்து பிடித்தவர்கள், இந்த இரண்டில் ஒன்றையாவது தொட்டிருப்பார்கள். என் அக்கா மகள் அந்த வகை.

முதலில் கொஞ்சம் விவரம். நாவல்கள் 2000இல் வர ஆரம்பித்தன. முக்கிய வரிசையில் 20 புத்தகங்கள், அது போகச் சில சிறப்புப் பதிப்புகள். அட்டையில் லாரன் ப்ரூக் என்று இருக்கும், அது பல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய புனைபெயர். தொடர் கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் 2007 அக்டோபர் 14 அன்று தொடங்கி 18 சீசன்களையும் தாண்டிவிட்டது. ஒரு மணி நேர நாடகத் தொடர்களில் அந்த நாட்டிலேயே அதிக காலம் ஓடியது இதுதான். கதை இரண்டிலும் ஒரே இடத்தில் தொடங்குகிறது: எமி என்ற பெண், குதிரைகளைக் குணமாக்கும் அவள் அம்மா மரியன், ஒரு புயல் இரவு, ஸ்பார்ட்டன் என்ற குதிரையைக் காப்பாற்றப் போன இடத்தில் விபத்து, அம்மா இறந்துபோகிறாள், எமியும் அந்தக் குதிரையும் பிழைக்கிறார்கள். அப்புறம் தாத்தா ஜாக், நியூயார்க்கிலிருந்து வந்து சேரும் அக்கா லூ, லாயத்தில் வேலை செய்யும் டை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எல்லாவற்றையும் ஒப்பிடக் கிளம்பாதீர்கள். 20 புத்தகத்தையும் அத்தனை சீசனையும் எடுத்துவைத்தால் மூன்றாவது வாரத்தில் நோட்டை மூடிவிடுவீர்கள். முதல் நான்கு நாவல்கள், முதல் சீசனின் 13 எபிசோடுகள், இது போதும். இந்த எல்லைக்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. முதல் நான்கு எபிசோடுகளுக்கு வைத்திருக்கும் தலைப்புகள் முதல் நான்கு நாவல்களின் தலைப்புகள்தான், அதே வரிசையில். கமிங் ஹோம், ஆஃப்டர் த ஸ்டார்ம், ப்ரேக்கிங் ஃப்ரீ, டேக்கிங் சான்ஸஸ். அதற்குப் பிறகு தொடர் தன் சொந்தத் தலைப்புகளை நடுவில் நுழைக்க ஆரம்பிக்கிறது, நாவல் தலைப்புகள் அங்கங்கே மட்டும் வருகின்றன. தொடர் எப்போது நாவலின் கையை விடுகிறது என்பதைத் தலைப்புப் பட்டியலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று உள்ளே நடப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே பெயரின் கீழே எது தங்கியது, எது மாறியது என்று பார்ப்பதுதான் உங்கள் முதல் பயிற்சி.

புத்தகம் கிடைப்பது பற்றி: முழு வரிசையாகப் புதிதாகக் கிடைப்பது குதிரைக் கொம்புதான். சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் சிறுவர் பகுதியில் கீழ்த் தட்டுகளைப் புரட்டினால் இரண்டு மூன்றாவது அகப்படும். அவென்யூ ரோட்டிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். முதல் புத்தகம் மட்டும் கட்டாயம் வேண்டும். மற்றவை மின்னூலாக இருந்தாலும் சரி.

வரிசை முக்கியம். முதலில் நாவல், பிறகு எபிசோடு. தலைகீழாகச் செய்தால் டை யார் என்று புத்தகத்தில் படிக்கும்போதே தொடரில் அவனாக நடித்த கிரஹாம் வார்டிலின் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், எமி என்றால் அவளாக நடித்த ஆம்பர் மார்ஷல்தான் தெரிவார். அப்படி ஆனபிறகு எழுத்து தானாக என்ன செய்தது என்பது கண்ணில் படாது. ஏற்கெனவே தொடரைப் பார்த்துவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம், படிக்கும்போது வர்ணனை வரும் இடங்களில் மட்டும் நிதானமாக, வாய்விட்டுப் படியுங்கள். ஒரு நாவல் முடிந்ததும் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவைத்துவிட்டுத்தான் டிவியைப் போட வேண்டும். அந்த அரைப் பக்கம் பின்னால் பொன்னாகத் தெரியும், ஏனென்றால் எபிசோடைப் பார்த்தபிறகு நம் ஞாபகம் இரண்டையும் கலந்துவிடும்.

இப்போது இந்த வழிமுறையின் நடு விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பிடும்போது ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு போங்கள். குதிரைக் கதையில் எழுத்துக்கும் காமிராவுக்கும் உள்ள வித்தியாசம் முழுசாக வெளியே தெரிவது குதிரை வரும் காட்சியில்தான். ஆள் வாய் திறந்து பேசிவிடலாம், நாவலில் சொன்ன வசனத்தையே டிவியிலும் சொல்லலாம். குதிரை பேசாது. அது பயந்திருக்கிறது என்று நாவல் ஒரே வரியில் சொல்லிவிடும். டிவியில் அதே பயத்தை ஒரு நிஜக் குதிரையின் காதும் கண்ணும் கழுத்தும் காட்ட வேண்டும்.

ஸ்பார்ட்டனையே எடுத்துக்கொள்வோம். நாவல் எமியை விட்டு நகராது. அவள் பார்ப்பது, அவள் நினைப்பது, அவள் பயப்படுவது, இவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும். அந்த இரவு அம்மாவை வற்புறுத்திக் கூட்டிப்போனது நான்தானே என்ற குற்ற உணர்வு பக்கம் பக்கமாக அவளை அரிக்கிறது. ஸ்பார்ட்டன் அவளைக் கண்டாலே ஒதுங்குவதை, அது தன்னைக் குற்றம் சொல்வதாகவே அவள் எடுத்துக்கொள்கிறாள். அதனால் அந்தக் குதிரை திரும்ப அவளிடம் வருவது என்பது மன்னிப்புக் கிடைப்பது போல ஆகிவிடுகிறது. டிவியில் இந்த உள்ளோட்டத்துக்கு வழியில்லை. எமி மனசுக்குள் நினைப்பதைக் குரலாக ஓடவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் சலித்துப்போகும். அதனால் தொடர் அவளை வாயை மூட வைத்து வேலியோரம் நிற்க வைக்கிறது, குதிரையை எதிரில் நிறுத்துகிறது, தாத்தாவையும் லூவையும் டையையும் விட்டு அவளைப் பற்றிப் பேச வைக்கிறது. நோட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: நாவலில் எமியின் மனசு சொன்ன ஒவ்வொரு விஷயத்தையும் டிவியில் யார் சொன்னார்கள், அல்லது எது காட்டியது? சிலதை டை சொல்லியிருப்பான். சிலதை ஒரு பார்வை சொல்லியிருக்கும். சிலதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது அப்படியே காணாமல் போயிருக்கும். காணாமல் போனவற்றைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு காட்சியை நெருக்கத்தில் பார்ப்போம். ஜாயின்-அப் என்று ஒரு முறை இரண்டிலும் வருகிறது. கலிஃபோர்னியாக்காரரான மான்டி ராபர்ட்ஸ் என்ற குதிரைப் பயிற்சியாளர் உலகம் முழுக்கப் பரவச் செய்த முறை அது. வட்டமாக வேலி போட்ட இடத்தில் குதிரையைக் கயிறு இல்லாமல் விடுவார்கள். நடுவில் நிற்பவர் நேராக அதன் கண்ணைப் பார்த்து, தோளை அதன் பக்கம் திருப்பி, ஓடு ஓடு என்று விரட்டுவார். குதிரை சுற்றிச் சுற்றி ஓடும். கொஞ்ச நேரத்தில் உள்பக்கத்துக் காது நடுவில் நிற்பவர் மேல் நிலைத்து நிற்கும், வெளிப்பக்கக் காது மட்டும் சுற்றுப்புறத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஓடும் வட்டம் சிறிதாகும். அப்புறம் நாக்கால் உதட்டை நக்கும், வாயை அசைபோடுவது போல அசைக்கும், தலையைத் தரையை ஒட்டித் தாழ்த்திக்கொண்டு ஓடும். இந்த அறிகுறிகள் வந்ததும் அவர் பார்வையை விலக்கி, முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். குதிரை தானாக நடந்துவந்து அவர் தோளருகே மூக்கை வைக்கும். அவர் நடந்தால் பின்னாலேயே வரும்.

நாவலில் இது வரும்போது ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன அர்த்தம் என்று எமியே நமக்குச் சொல்லிக்கொண்டு போகிறாள், அதனால் குதிரையைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கும் அது புரிந்துவிடுகிறது. டிவியில் இசை ஏறும், காமிரா மேலே போகும், குதிரை வந்து நிற்கும், கண் கலங்கும். அழகான காட்சி. ஆனால் அறிகுறி தெரியாதவருக்கு ஏதோ மாயம் நடந்தது போலத்தான் இருக்கும். அறிகுறி தெரிந்தவர், சத்தத்தைக் குறைத்துவிட்டு அதே காட்சியைத் திரும்பப் பார்த்தால், காது எப்போது திரும்பியது, உதட்டை நக்கியதா இல்லையா என்பதைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். சில சமயம் குதிரையின் இரண்டு காதும் எமியை விட்டு வேறெங்கோ திரும்பியிருக்கும். படப்பிடிப்பில் காமிராவுக்கு இந்தப் பக்கம் பயிற்சியாளர் நிற்பார் அல்லவா, கவனம் அங்கே போவது இயல்புதான். அதைக் குற்றமாக எழுத வேண்டியதில்லை. டிவி எதை விளக்குகிறது, எதை நம்மை உணர மட்டும் வைக்கிறது என்ற கேள்விக்கு இது நல்ல சான்று. சத்தம் இல்லாமல் ஒரு தடவை, சத்தத்தோடு ஒரு தடவை, குதிரை வரும் முக்கியக் காட்சி ஒவ்வொன்றையும் இப்படி இரண்டு தடவை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குதிரையின் உடல்மொழி பழகாதவர்கள் இதற்கு முன் நேரில் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவது நல்லது. பெரியவர்கள் என்றால் பந்தய நாளில் ரேஸ் கோர்ஸ் ரோட்டு டர்ஃப் கிளப்புக்குப் போகலாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் குதிரைகளைப் பாடக் என்ற வேலி போட்ட இடத்தில் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். பந்தயம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை, வேலியோரம் நின்று காதையும் வாலையும் பாருங்கள். பிள்ளைகளோடு என்றால் விமான நிலையம் போகும் பக்கம் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் வகுப்பைப் பார்க்க விடும் இடம் கிடைக்கும். காதைப் பின்னால் மடித்து ஒட்டவைத்தால் கோபம், முன்னால் விறைத்தால் கவனம், கண்ணில் வெள்ளை தெரிந்தால் பெரும்பாலும் பயம், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நின்றால் ஓய்வு. இந்த நாலு தெரிந்தாலே பாதி எபிசோடு வேறு மாதிரித் தெரியும்.

அடுத்தது இடம். நாவல் நடப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில். தொடர் நடப்பது கனடாவின் ஆல்பர்ட்டாவில், ஹட்சன் என்ற கற்பனை ஊரில், அதைப் படம்பிடித்தது பெரும்பாலும் கால்கரிக்குத் தெற்கே இருக்கும் ஹை ரிவர் என்ற ஊரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும். கனடா தொடர் என்பதால் கனடாவுக்கு மாற்றினார்கள் என்று ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். வர்ஜீனியா என்றால் தடை தாண்டும் போட்டி, பளபளப்பான பூட்ஸ், தட்டையான இங்கிலீஷ் சேணம். ஆல்பர்ட்டா என்றால் மாடு மேய்க்கும் ராஞ்ச், துள்ளும் குதிரை மேலும் காளை மேலும் விழாமல் உட்காரும் ரோடியோ போட்டி, முன்பக்கம் கயிறு சுற்றுவதற்குக் கொம்பு வைத்த வெஸ்டர்ன் சேணம், பின்னால் ராக்கி மலை. எமியின் அப்பா டிம் நாவலில் தடை தாண்டும் போட்டி வீரர், தொடரில் ரோடியோ வீரர். தாத்தா ஜாக்கும் தொடரில் பழைய ரோடியோ சாம்பியன். நாவலில் ஹார்ட்லாண்ட் முதன்மையாக நோயுற்ற, பயந்த குதிரைகளுக்கான புகலிடம். அடிபட்ட குதிரை வரும், குணமாகும், நல்ல வீடு தேடி அனுப்புவார்கள். தொடரில் அது பரம்பரை ராஞ்ச், மாடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, நிலத்தைக் காப்பாற்றுவது ஒரு கவலையாகவே சீசன்தோறும் ஓடுகிறது. இடம் மாறியதும் கதை எதைப் பற்றியது என்பதே கொஞ்சம் மாறிவிட்டது: குதிரை வைத்தியத்திலிருந்து குடும்பத்துக்கும் மண்ணுக்கும். என் கணிப்பில் தொடர் செய்த மாற்றங்களில் ஆழமானது இதுதான், ஆனால் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை முதல் வரியிலேயே தள்ளிவிட்டுப் பெயர் மாற்றங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

பெயர் மாற்றங்களை வேகமாக முடித்துவிடலாம். டை பால்ட்வின் டை போர்டன் ஆனான், எமிக்குப் போட்டியாக வரும் ஆஷ்லி கிராண்ட் ஆஷ்லி ஸ்டான்டன் ஆனாள், அவள் குடும்பத்தின் லாயம் க்ரீன் ப்ரையரிலிருந்து ப்ரையர் ரிட்ஜ் ஆனது. இதிலெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை.

ஆள் எப்படி வந்து சேர்கிறான் என்பதில் இருக்கிறது. அக்கா மகள் முதல் எபிசோடைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டாள். "சித்தி, புக்ல டை ஏற்கெனவே அங்கதான் வேலை செய்யறான்! இங்க என்ன புதுசா வர்றான்?" சரியான கேள்வி. நாவலில் டை மரியன் உயிரோடு இருக்கும்போதே லாயத்தில் வேலை பார்க்கிறவன், அவளிடம் தொழில் கற்றவன், எமிக்கு நண்பன். தொடரில் அவன் ப்ரொபேஷனில், அதாவது தப்பு செய்து கோர்ட்டின் நன்னடத்தைக் கண்காணிப்பில், அனுப்பப்பட்ட பையன், மரியன் ஏற்பாடு செய்துவைத்தது, அவளோ இறந்துவிட்டாள், இவனை யாருக்கும் தெரியாது. "அப்போ அவன் யாரையும் நம்பமாட்டான், இவங்களும் அவனை நம்பமாட்டாங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. அங்கேதான் விஷயம் பிடிபடுகிறது. நாவலில் நம்பிக்கை இழந்து வருவது குதிரை மட்டும். தொடரில் ஒரு குதிரையும் ஒரு பையனும் ஒரே சமயத்தில் வந்து நிற்கிறார்கள், இரண்டையும் எமி மெல்ல மெல்ல நெருங்க வேண்டியிருக்கிறது. குதிரையின் கதையையே ஆளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாற்றத்தைக் கண்டதும் "இது தப்பு" என்று எழுதாமல், "இந்த மாற்றம் என்ன வேலை செய்கிறது" என்று கேட்டால் இந்த மாதிரிப் பதில்கள் வரும்.

புதிதாகச் சேர்த்த ஆட்களையும் அப்படியே கேளுங்கள். மாலரி என்ற பக்கத்து வீட்டுச் சுட்டிப்பெண் நாவலில் கிடையாது. எப்போதும் லாயத்தையே சுற்றிக்கொண்டு வாயாடும் அவளிடம் எமி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, நாவலில் எமி நமக்கு மனசுக்குள் சொன்னதை இங்கே மாலரிக்குச் சத்தமாகச் சொல்கிறாள். பின்னால் அவள் இடத்துக்கு ஜார்ஜி வருகிறாள், லூவும் அவள் கணவனும் தத்தெடுக்கும் பெண், அவளும் தொடருக்கே உரியவள். எமி வளர்ந்து பெரியவளாகிவிட்டபிறகு வீட்டில் குதிரைக் கனவு காணும் ஒரு சிறுமி எப்போதும் இருக்க வேண்டும் என்று தொடர் நினைக்கிறது. வீட்டோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர், அந்த வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஆள் வேண்டுமே.

வைத்திய முறையில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாவலில் மூலிகை, வாசனைத் தைலம், விரல் நுனியால் சிறு சிறு வட்டமாகத் தடவும் டீ-டச் முறை எல்லாம் நிறைய வரும், எந்தக் குதிரைக்கு எது கொடுத்தாள் என்பது வரை. தொடரில் வட்ட வேலிக்குள் நடக்கும் வேலைக்குத்தான் அதிக இடம். தைலத்தின் வாசனையைத் திரையில் காட்ட முடியாது, ஓடும் குதிரையைக் காட்டலாம்.

காலத்தைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். நாவலில் ஒரு குதிரை தேறினால் கதை அடுத்த குதிரைக்கு நகர்ந்துவிடும். தொடர் அப்படி ஸ்பார்ட்டனை விட முடியாது, பார்வையாளர்கள் அதன் முகத்தோடு பழகிவிட்டார்கள், அதனால் அது எமியின் சொந்தக் குதிரையாகவே சீசன் சீசனாகத் தங்கிவிடுகிறது. ஆட்களுக்கும் இதேதான். நாவல் வரிசையின் கடைசிக் கட்டத்தில் எமி கால்நடை மருத்துவம் படிக்கக் கிளம்புகிறாள். தொடரில் கால்நடை மருத்துவர் ஆவது டை. எமி ராஞ்சிலேயே இருக்கிறாள். இந்த இடமாற்றத்தை யோசித்துப் பாருங்கள்: எமி காலேஜுக்குப் போய்விட்டால் ராஞ்சில் யார் இருப்பார்கள்? நாவல் அவளை அனுப்பிவைத்துவிட்டு முடித்துக்கொள்ளலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எபிசோடு வர வேண்டிய தொடருக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் எமியின் படிப்பை எடுத்து டைக்குக் கொடுத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. குதிரையைக் கையால் உணர்கிறவள் பெண், படித்துப் பட்டம் வாங்குகிறவன் ஆண் என்று ஒரு பிரிவு அதனால் உண்டாகிவிட்டது, நாவலில் அந்தப் பிரிவு இல்லை. இந்த மாதிரி உங்களுக்கு உறுத்துவதைத் தைரியமாக எழுதுங்கள், சான்றைப் பக்கத்தில் வைத்து.

2021 ஜனவரியில் 14ஆம் சீசனின் முதல் எபிசோடில் டை இறந்துபோனதைப் பற்றி யாராவது "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று வாதாடினால் அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். அந்தக் கட்டத்தில் தொடர் நாவலைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டது. எமியும் டையும் கல்யாணம் செய்து, மகள் லிண்டி பிறந்து, லூ ஊரின் மேயராகி, எல்லாம் தொடர் தானாகக் கட்டியது. அதைத் தொடரின் சொந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும். முதல் சீசனுக்கு நாவலை அளவுகோலாக வைக்கலாம், 14ஆம் சீசனுக்கு வைக்க முடியாது.

எழுத உட்காரும்போது நோட்டில் இருப்பதையெல்லாம் கொட்டாதீர்கள். ஒரே ஒரு கருத்து, அதற்கு மூன்று காட்சி. உதாரணமாக, நாவல் எமியின் குற்ற உணர்வைப் பற்றியது, தொடர் குடும்பம் திரும்பச் சேர்வதைப் பற்றியது என்று ஒரு கருத்து வைத்துக்கொண்டால், ஸ்பார்ட்டன் வரும் காட்சி ஒன்று, டை வந்து சேரும் காட்சி ஒன்று, சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்று எடுத்தால் போதும். தொடரில் எல்லாரும் அடிக்கடி ஒரே மேசையில் உட்காருவார்கள், யார் எழுந்துபோகிறார்கள், யாருடைய நாற்காலி காலியாக இருக்கிறது என்று பாருங்கள். எபிசோடு எண்ணையும் நாவலின் அத்தியாயத்தையும் குறிப்பிடுங்கள், படிக்கிறவர் எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும். பெரிய திருப்பங்களைச் சொல்லப்போகிறீர்கள் என்றால் மேலேயே எச்சரித்துவிடுங்கள், இன்னும் மூன்றாவது சீசனில் இருக்கிற பிள்ளைகள் படிப்பார்கள்.

இந்தப் பயிற்சி முடிந்ததும் அடுத்து செய்ய ஒன்று சொல்கிறேன், இது கொஞ்சம் கடினம். 1877இல் வந்த பிளாக் பியூட்டி நாவலில் கதையைச் சொல்வதே குதிரைதான். வண்டிக் குதிரையின் தலையை வலுக்கட்டாயமாகத் தூக்கி நிறுத்தும் வார் எவ்வளவு வலிக்கும் என்பதை அந்தக் குதிரையே தன் வாயால் சொல்லும். 1972இல் இங்கிலாந்தில் வந்த தொலைக்காட்சித் தொடர் அந்தக் குதிரையையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, ஒரு டாக்டர் குடும்பத்தை வைத்துப் புதுக் கதைகளைச் செய்தது. சொல்கிறவரையே எடுத்துவிட்டபிறகு கதையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடையாது. நாவல் சிறியது, பெரிய நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் சுலபமாகக் கிடைக்கும், ஸ்பார்ட்டனுக்குப் போட்ட அதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி ஆரம்பித்துவிடலாம்.